நன்னீர் என்று நம்பிய குழாய்

எண்ணெய்க் கிணறு துளைக்கப்படும்போது அதனுள் நிறைந்து நிற்பது துளைச்சேறு. அதன் எடை குறைந்தால் நிலத்தடி எரிவளி பொங்கி மேலேறும். மிகுந்தால் பாறை பிளந்து சேற்றை உறிஞ்சும், சேற்றுமட்டம் தாழும், அதன் பின்னும் வளியே எழும். துளைச்சேற்றுப் பொறியாளர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் வாரம் இருமுறை திருவொற்றியூர்ப் பணிமனை ஒன்றுக்குச் சென்று, அச்சேற்றை நிறுக்கும் தராசுகளைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டு வந்தேன்.

முறை எளிது. கிண்ணத்தில் நன்னீரை நிரப்பினால் தராசு 1.00 எனக் காட்ட வேண்டும். காட்டாவிடில், எதிர்முனையில் சிறு ஈயக்குண்டுகளைக் கூட்டியோ குறைத்தோ நேராக்குவோம். சென்ற வாரம் ஆறு தராசுகளும் ஒன்றைச் சற்றே தாண்டிக் காட்டின. அளவு இறங்கும்படி ஆறிலும் குண்டுகளைச் சேர்த்தேன். இரண்டு, நடுக்கடல் துளைமேடை ஒன்றுக்குப் போயின. எஞ்சிய நான்கை மீளச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தரை துடைக்கும் அம்மையார் சிரித்தார்.

"இன்னா நைனா, இந்தத் தண்ணிக்கா இம்மாம் மரியாத? தொடச்சுத் தொடச்சு ஊத்திக்கினு கீற. நான் பாத்திரங்கூட இதுல கழுவமாட்டேன். நாக்குல வெச்சுப் பாரு."

விரலை நனைத்து நாவில் வைத்தேன். உவர்த்தது.

"எப்போதிலிருந்து அம்மா?"

"பதினஞ்சு நாளாச்சு. லைன் தண்ணி வர்ல, அதே பைப்புல போர் தண்ணிய வுட்டுட்டாங்க. கடலாண்ட போர் போட்டா வேற எப்டி இருக்கும்? உனக்கு டீ போடறது கேன் தண்ணி."

அந்தக் கேன் நீரை நான் திருத்திய தராசில் ஊற்றினேன். 0.98 காட்டியது. நூற்றில் இரண்டு. மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஆறு கிலோ மிகை அழுத்தம். அவ்விரு தராசுகளும் போன கிணற்றின் பாறை இன்னும் ஐந்து கிலோதான் தாங்குமென்று கணித்துக் கொடுத்தவனும் நானே. ஆறு தராசும் ஒரே அளவில் பிழையாகக் காட்டியபோது, நீரை ஐயுறாமல் தராசுகளை ஐயுற்றிருக்கிறேன்.

துளைமேடையில் சேற்றுக்குப் பொறுப்பான பொறியாளரை அழைத்தேன்.

"ஐயா, நானே கூப்பிட இருந்தேன். புதுத் தராசு எடை குறைவா காட்டுச்சு, அதனால சேத்தைக் கனமாக்கினோம். காலையிலிருந்து தொட்டியில சேறு இறங்கிக்கிட்டே இருக்கு. எங்க போகுதுன்னே தெரியல."

"குடிநீரை அந்தத் தராசில் நிறுத்துச் சொல்லுங்கள்."

"உங்க கையெழுத்து இருக்கேன்னு நாங்க சோதிக்கல, ஐயா."

"இப்போது சோதியுங்கள்."

கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்க இயலவில்லை. வெளியே ஏற்றுமதிப் பெட்டக ஊர்திகள் எண்ணூர் நோக்கி இரைந்துகொண்டிருந்தன.

"பாயின்ட் ஒன்பது எட்டு, ஐயா."

சேற்றின் எடையைக் குறைக்கச் சொன்னேன். மாலையில் இறக்கம் நின்றதென்று செய்தி வந்தது. அதற்குமுன், நான்கு தராசுகளையும் திறந்து நான் சேர்த்த குண்டுகளை வெளியே எடுத்தேன். கிண்ணங்களின் உவர்நீரைக் கொட்டித் துடைத்து வரிசையாக வைத்தேன். அம்மையார் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு, கேனைத் தூக்கி வந்தார்.

"தள்ளு நைனா, நான் ஊத்தறேன். நீ எவ்ளோ காட்டுதுன்னு பாரு."