அப்பாவுக்குப் பசிக்காத நாள்

ஆனி மாதத்துக் கடைசி சனிக்கிழமை மட்டும் அப்பா மதியம் சாப்பிட மாட்டார். விரதமெல்லாம் இல்லை. "வயிறு நெறஞ்சு கெடக்குது கண்ணு" என்பார். ஏப்பம் விட்டால் பலாப்பழ வாசம் அடிக்கும். எங்கள் வீட்டில் பலாப்பழமே இருக்காது. "ஏனுங்க, எந்த ஊட்டுல தின்னுட்டு வந்தீங்க?" என்று அம்மா கேலி செய்வாள். அப்பாவும் சிரிப்பார்.

அப்பாவுக்குச் சொந்தபந்தம் கிடையாது. நாலு வயதில் கொல்லிமலை அடிவாரச் சந்தையில் தனியாக நின்று அழுதவரை ஒரு விவசாயக் குடும்பம் எடுத்து வளர்த்தது. குறையொன்றும் வைக்கவில்லை. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை வந்தால், பங்காளிகள் பெயர் வரிசையை விரலால் தடவிக்கொண்டே இருப்பார். அண்ணா என்று கூப்பிட ஒருத்தன் இல்லையே என்ற ஏக்கம். அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், அழுகையும் வரும்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், இதற்கு ஒரு முடிவு கட்டுவதென்று கிளம்பினேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. லீவு நாளெல்லாம் பஸ் ஏறி, மலையில் நாடு என்று அவர்கள் சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒவ்வொன்றாக விசாரித்தேன். சந்தையில் பிள்ளையைத் தொலைத்த வீடு ஒன்றை வளப்பூர் நாட்டில் காட்டினார்கள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பிறகு பிறந்த தம்பி மட்டும் இருந்தார். அப்பாவின் அதே நெற்றி. இருவரிடமும் ரத்தம் எடுத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினேன். ஒரே தகப்பன் வழி என்று முடிவு வந்தது.

அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அப்பா என்னோடு மலையேறினார். அன்று என்ன கிழமை என்று எனக்கு உறைக்கவே இல்லை.

வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடி ஏறிய பலாமரத்தடியில் ஒரு சின்னக் கல். அதன் முன்னே இலையில் சாமைச் சோறும் பலாச்சுளையும். தம்பி விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்குங்க படையல்?" என்றேன்.

"சந்தையில போன எங்கண்ணனுக்குங்க. ஆனிக் கடைசி சனிக்கெழமைதான் தொலைஞ்சுதாம். வருசா வருசம் மத்தியானம் எலை போட்டுருவமுங்க."

அப்பா மெதுவாகத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முடிவைச் சொன்னதும் தம்பி இரண்டடி பின்வாங்கினார். "காயிதம் பொய் சொல்லாதுங்க. ஆனா எங்கண்ணன் சாமியாயிட்டாருங்க. எம்புள்ள பொழைச்சது அவருகிட்ட வேண்டித்தான். உசுரோட இருக்கறவருக்கு யாராச்சும் படையல் போடுவாங்களா? நீங்கதான் அவருன்னா, இத்தன வருசம் எங்களுக்கு வரம் குடுத்தது யாருங்க?"

அவர் கண்ணில் அப்படியொரு பயம். அப்பா தன் கல்லைத் தானே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். "ஒருக்கா அண்ணான்னு கூப்புட்டிருக்கலாம்" என்று பஸ்ஸில் மட்டும் சொன்னார். எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த வருடம் அதே சனிக்கிழமை. அம்மா வழக்கம்போல தனக்கும் எனக்கும் மட்டும் சமைத்திருந்தாள். மதியம் அப்பா அடுக்களை வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"கண்ணு, பசிக்குது."

என் தட்டை அவர் முன்னால் வைத்தேன். அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். கண்ணீர் சோற்றில் சொட்டியது.

"இன்னிக்கு எலை போடலை பாரு கண்ணு" என்றார். "நான் உசுரோட இருக்கறேன்னு என் தம்பி ஒத்துக்கிட்டான்."