அஞ்சலையின் தையல் மிஷின் வழக்கு

நான் கறுப்புக் கவுனை மாட்டிக்கொண்டு சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தபோது அங்கே வேறு பெண் வக்கீல் கிடையாது. வக்கீல்கள் அறைக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அதனால் வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். மயிலாப்பூர் வாடகை அறைக்குத் திரும்பினாலும் பேச ஆளில்லை. சில நாள் "அப்ஜெக்‌ஷன், யுவர் ஆனர்" என்று சுவரிடம் சொல்லிப் பார்ப்பேன். சுவர் எப்போதும் எனக்குச் சாதகம்தான்.

அந்தப் பெஞ்சுக்குத்தான் அஞ்சலை வந்தாள். இருபது வயதிருக்கும். சின்னப் பெண்ணாக இருந்தபோதே அடையாற்றுப் பங்களா ஒன்றுக்கு விற்கப்பட்டவள். சம்பளம் கிடையாது, வெளியே போக அனுமதி கிடையாது. மத்தியான வேளையில், பின்வாசலுக்கு வரும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கையால் ரவிக்கை தைத்துக் கொடுத்து, அந்தக் காசில் அவர்கள் மூலமாகப் பழைய கை மிஷின் ஒன்று வாங்கியிருந்தாள். ஒருநாள் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டாள். பங்களாக்காரர் மிஷின் தன்னுடையது என்று வழக்குப் போட்டார். கோர்ட் அதை வாங்கி வைத்துக்கொண்டது. வழக்கு முடியும்வரை ஒரு பெண்கள் விடுதியில் அவளுக்கு இடம் கிடைத்தது.

"மிஷின் போச்சுன்னா அந்த வூட்டுக்கேதாம்மா திரும்பணும். வேற பொயப்பு தெரியாது எனக்கு," என்றாள்.

1926-இல் ஜெனீவாவில் நாடுகள் கூடிச் செய்த அடிமை ஒழிப்பு ஒப்பந்தத்தை நான் அப்போது உருப்போட்டு வைத்திருந்தேன். கோர்ட்டில் அதையே முழங்கினேன். முன்சீப் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, கையெழுத்துப் போட்டது கவர்மெண்ட். அது கவர்மெண்டைக் கட்டுப்படுத்தும். என்னைக் கட்டுப்படுத்தணும்னா இங்கே ஒரு ஆக்ட் இருக்கணும். இருக்கா?"

பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, பங்களாக்காரரைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"மிஷின் உங்கள் காசில் வாங்கியதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்காசு இன்னா, அவ காசு இன்னா? அவளே நம்ம சொத்து. அவ அப்பங்கிட்ட வெல குடுத்து வாங்கிக்கீறேன். பசு என்னுதுன்னா கன்னுக்குட்டி யாருது?"

முன்சீப்பின் பேனா நின்றது. "இதை அப்படியே எழுதிக்கலாமா?"

"நல்லா எழுதிக்கோங்க சாமி!"

அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் 1843-ஆம் வருஷத்து ஐந்தாவது ஆக்டை எடுத்தேன். கம்பெனி காலத்தில் போட்ட நாலே பிரிவு. ஒருவரை அடிமை என்று சொல்லி எந்த உரிமை கேட்டாலும் கோர்ட் கொடுக்காது. அவர் உழைத்துச் சம்பாதித்த பொருளை, அடிமை என்ற காரணம் காட்டிப் பிடுங்கவும் முடியாது. ஒப்பந்தம் சொன்னதை அந்தப் பழைய ஆக்ட் எப்போதோ சொல்லிவிட்டிருந்தது. வழக்குத் தள்ளுபடியாகி, மிஷின் அஞ்சலையிடம் வந்தது.

கோர்ட் வாசலில் அதை ஜட்காவில் ஏற்றினோம். வண்டிக்காரர் கேட்டார்: "எங்கம்மா போவணும்?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். விடுதி இடம் அன்றோடு முடிந்திருந்தது. என் அறைக்கு வந்துவிடு என்றேன். அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. அறையில் இன்னொரு குரல் கேட்கவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"ஒரு வூட்ட வுட்டுட்டு இன்னொரு வூடா? வேணாம்மா," என்று மெதுவாகச் சொன்னாள். வண்டிக்காரரிடம், "நேரா போ நைனா, சொல்றேன்," என்றாள். எங்கே இறங்கினாள் என்பது எனக்குத் தெரியவே இல்லை. நான் பஸ் பிடித்து மயிலாப்பூர் வந்து, விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தேன். ஜெயித்த அந்த நாளைப்போல் நான் தனிமையாக இருந்ததே இல்லை.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். பிரிவு புத்தகத்தில் இருக்கிறது. கட்சிக்காரரிடம் முதலில் ஒன்று கேளுங்கள் என்பேன்: "தீர்ப்பு வந்த அன்னிக்கு எங்கேம்மா தூங்குவே?"