செருப்பு விடும் இடத்தில் என் பேத்தி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்து, சிமெண்ட் சட்டி தூக்கி, மேஸ்திரியாகி, கான்ட்ராக்டரும் ஆனேன். எங்கள் பேட்டையில் பாதி வீடுகளுக்கு நான்தான் கான்கிரீட் போட்டேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

என் மகளுக்கு மைசூர் ஹெப்பாள் பக்கம் தொழிற்சாலை வேலை. காலையிலேயே கம்பெனி பஸ் வந்துவிடும். நான் சைட்டில் கிடப்பவன், வீட்டில் வேறு ஆள் இல்லை. மூன்று வயதுப் பேத்தி அங்கன்வாடியில் ஒழுங்காக இருந்தால்தான் மகளுக்கு வேலை நிலைக்கும். எங்கள் தெரு அங்கன்வாடியிலேயே சேர்த்தேன்.

ஒருநாள் வேலைக்கு நடுவில் போய் எட்டிப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். என் பேத்தியும், எங்கள் ஊர்ப் பக்கமிருந்து வந்து என்னிடம் வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் வாசலோரம், செருப்பு விடும் இடத்தில், வெறுந்தரையில் இருந்தார்கள்.

“என்ன மிஸ் இது?” என்றேன் டீச்சரிடம்.

அந்த அம்மா கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். “பொங்கலுக்கு ஊருக்குப் போனா எப்ப திரும்புவீங்கன்னு உங்களுக்கே தெரியாது. நாலு நாள் இருந்துட்டுப் போற பிள்ளைங்களுக்குப் பாய் எதுக்கு மேஸ்திரி? படிப்பு விஷயம் உங்களுக்குப் புரியாது, விடுங்க.”

அந்த அம்மா பிறக்கும் முன்பே இந்த ஊருக்கு வந்தவன் நான். அவர் தலைக்கு மேல் ஒழுகிய கூரையைச் சும்மா அடைத்துக் கொடுத்தவனும் நான்தான். பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மகள் லீவு போட்டுவிட்டு, வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தாள். நான் பேத்தியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு மற்ற அங்கன்வாடிகளைப் பார்க்கக் கிளம்பினேன். ரேஷன் கடைக்குப் பக்கத்தில் இருந்ததில் சுவரெல்லாம் புதுப் படங்கள், கக்கூஸ் கதவில் பூட்டு. “சூப்பர்வைசர் வர்றப்ப தொறப்போம்” என்றார் ஆயா. “அதுவரைக்கும் பிள்ளைங்க அடக்கிக்கணுமாங்க?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன். கோயிலுக்குப் பின்னால் இருந்ததில் பிள்ளைகள் ஓடியாடும் அறையிலேயே அடுப்பு எரிந்தது. சாக்கடைக்கு அந்தப் பக்கம் இருந்தது பழைய கட்டடம், தண்ணீர்த் தொட்டியில் விரிசல். ஆனால் டீச்சர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். யார் புதிதாக வந்தாலும் ஒரு பிள்ளை எழுந்து பாய் விரித்து உட்காரச் சொல்ல வேண்டும் என்பது அங்கே பழக்கம். பெயர் கேட்பதற்கு முன்பே என் பேத்திக்குப் பாய் கிடைத்துவிட்டது. எனக்கு அது போதும்.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் ஆட்களின் பிள்ளைகள் அத்தனை பேரையும் சைட்டுக்குச் சாமான் ஏற்றும் என் ஆட்டோவில் ஏற்றினேன். வேண்டுமென்றே பழைய அங்கன்வாடி வாசல் வழியாக, மெதுவாக, ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். அங்கே மிச்சமிருந்த பிள்ளைகள் கொஞ்சம்தான்.

மாதம் திரும்புவதற்குள் அந்த அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தார். இதற்காகத்தானே காத்திருந்தேன். நாற்காலியை விட்டு நான் எழவில்லை. செருப்புகள் கிடந்த இடத்தைக் காட்டினேன்.

“அங்கயே உக்காருங்க மிஸ். நாலு நிமிஷம் இருந்துட்டுப் போறவங்களுக்குப் பாய் எதுக்கு?”

அவர் முகம் கறுத்தது. “பிள்ளைங்களைத் திருப்பி அனுப்புங்க மேஸ்திரி. பிள்ளைங்க குறைஞ்சா சென்டரை மூடிடுவாங்க” என்றார், நின்றபடியே.

உள்ளேயிருந்து பேத்தி பாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவர் காலடியில் விரித்து, “வாங்க மிஸ், உக்காருங்க” என்றாள்.

“உன்னை யாரு விரிக்கச் சொன்னா?” என்று அதட்டினேன்.

“எங்க மிஸ்ஸுதான் அப்புச்சி.”

நான் தேர்ந்தெடுத்த அங்கன்வாடி அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்த அம்மா பாயில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் காபி கொடுத்தேன். பிள்ளைகளை மட்டும் அனுப்பவில்லை. மறுநாள் காலையிலும் ஆட்டோ அந்த வாசல் வழியாகத்தான் போனது. ஹாரனும் அடித்தேன்.