இரண்டாவது சூடம்

அவர் பத்து காவான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவரின் மகன். தோட்டம் அழிந்து ஆலைகள் எழுந்தபோது, வீடிழந்தவர்களுக்காக மறியலில் அமர்ந்து அரசியலுக்கு வந்தார். எதிர்க்கட்சி வேட்பாளராக மூன்று முறை தோற்று, நான்காம் முறை சட்டமன்றம் புகுந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் தண்ணீர்மலை முருகன் சந்நிதியில் ஓதுவாரான என்னைப் பதிகம் பாடச் சொல்லிக் கேட்பது அவர் வழக்கம்.

அடுத்த தேர்தல் அறிவித்த வாரத்தில் அவருடைய காரில் மலைக்குச் சென்றேன். தீவுக்குச் செல்லும் கடற்பாலத்தைக் கடக்கையில் கைப்பேசி ஒலித்தது. டத்தோ பட்டம் பெற்ற ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர், காரின் ஒலிபெருக்கி வழியே, தங்கள் பக்கம் வந்துவிடும்படி அழைத்தார்.

"மலையிலிருந்து இறங்கிச் சொல்றேன் டத்தோ" என்றார் இவர். என் பக்கம் திரும்பவில்லை.

வதந்தி எங்களுக்கு முன்பே மலையேறியிருந்தது. அவர் தொகுதியைச் சேர்ந்த சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்திருந்த ஆதரவாளர்களுள், தோட்டத்தில் அவரோடு வளர்ந்த அம்மையார் ஒருவர், தட்டில் சூடம் ஏற்றி என்னிடம் தந்தார்.

"கட்சி மாறமாட்டேன்னு சூடத்தை அடிச்சுச் சொல்லிரு தம்பி. நாங்க அந்தப் பேச்சை நம்பல லா. பக்கத்து வீட்டுக்காரன் வாயை அடைக்கணும்."

எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லை எங்கள் மக்கள் மீறுவதில்லை. பொய்யாக அடித்தால் முருகனுக்குப் பதில் சொல்லவேண்டும். மறுத்தால் தொகுதி அன்றே போயிற்று. அவர் கை உயரவில்லை. தட்டு என் விரல்களைச் சுட்டது.

நான் பாடத் தொடங்கினேன். பதிகத்தை இடையில் நிறுத்தச் சொல்ல எவரும் துணியார். பதினொரு பாடல் முடிவதற்குள் சூடம் தானே கரைந்துவிடும். அடியார் வாக்கை ஒரு மனிதருக்குத் திரையாக்கினேன் என்பதை நினைத்து இன்றும் கூசுகிறேன். ஐந்தாம் பாடலில் சுடர் அவிந்தது. கடைசிப் பாடலும் முடிந்தது.

"அண்ணே, இன்னொரு சூடம் வைங்க" என்றார் அவர், என்னிடம்.

கைப்பேசியை எடுத்து எல்லோரும் கேட்கப் பேசினார். "நான் வரல டத்தோ." பிறகு அம்மையாரிடம், "போகலாமான்னு யோசிச்சேன்க்கா. இனி இல்ல" என்று சொல்லித் தீயின்மேல் கையை அடித்தார்.

"யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டார் அம்மையார். தட்டை வாங்கிக்கொண்டு அவருக்கு முன்னே தனியாகப் படியிறங்கினார்.

காரில், கரி படிந்த கையால் ஸ்டீயரிங்கைப் பற்றியபடி, "இன்னிக்கு ரொம்ப இழுத்துப் பாடினீங்கண்ணே" என்றார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். வாக்குச்சாவடி மூடும்வரை அவருடைய கொடியின் கீழே அந்த அம்மையார் நின்றிருந்தார். அன்று அம்மையாரோடு மலைக்கு வந்தவர்களுள் பாதிப்பேரைக் காணவில்லை.