மாலைக்குப் பின்னால் நின்றது நான்தான்

என்னைவிட இரண்டு வயது சின்னவரை நான் ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறேன். அவர் அக்காவைக் கட்டினார், நான் தங்கையைக் கட்டினேன். அதுதான் காரணம். சகலைகளுக்குள் ஆம்பிளையின் வயதை யாரும் பார்ப்பதில்லை, கட்டிய பெண்ணின் வயதைத்தான் பார்ப்பார்கள். அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். கொஞ்சமும் கூசாமல் சொல்வார்.

அவர் வக்கீலுக்குப் படித்தார், பெரிய நகரத்துக்குப் போனார், அங்கேயே மேயரும் ஆனார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பஸ் ஸ்டாண்டில் பெட்டி தூக்கினேன். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விட்டேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டே இங்கிலீஷ் பேசக் கற்றேன். இன்று ஆசிரமத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடி கெஸ்ட் ஹவுஸ் என்னுடையது. அந்த வரிசையில் மலை முழுசாகத் தெரிவது என் மொட்டை மாடியிலிருந்து மட்டும்தான். எனக்கு இதை எந்தக் கட்சியும் வாங்கிக் கொடுக்கவில்லை.

பதவியெல்லாம் முடிந்து, வயதாகி, அண்ணன் நம் ஊருக்கே வந்துவிட்டார். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புது வீடு. பீரோ, கட்டிலோடு இரும்புப் பெட்டிகளும் ஒரு லாரி நிறைய வந்தன. பெட்டி எல்லாவற்றிலும் காகிதம். இந்த வயதில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு இந்த வருஷம் வரைக்கும்தான் இருந்தது.

ஒருநாள் காலை என் மனைவி போனைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“அக்கா வீட்டுக்கு சிட்டியிலேர்ந்து ஆள் வந்திருக்காங்க. பெரிய லைப்ரரியாம். மாமா பேப்பரையெல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போய் ஏசி ரூம்ல வைக்கப் போறாங்களாம். பின்னாடி வர்றவங்க படிக்கிறதுக்கு.”

“பேப்பர் எடுக்க நம்ம தெருவுக்கும்தான் ஆள் வர்றான்” என்றேன்.

“அவன் தராசோட வர்றான். இவங்க காரோட வந்திருக்காங்க. நான் அக்காவுக்கு ஒத்தாசையா போறேன். நீங்க வர்றீங்களா, இங்கயே உக்காந்து வயிறு எரியறீங்களா?”

வயிறு எரிந்துகொண்டேதான் போனேன்.

கூடம் முழுக்கப் பெட்டிகள் திறந்து கிடந்தன. நடுவில் அண்ணன் மாப்பிள்ளை மாதிரி நாற்காலியில் சாய்ந்திருந்தார். லைப்ரரிப் பெண் தரையில் பாய் விரித்து, ஒவ்வொரு தாளாக எடுத்து, துடைத்து, வெள்ளை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். மாமன்றத் தீர்மானங்கள், சாக்கடை அடைப்புக்கு ஜனங்கள் கொடுத்த மனுக்கள், மேடைப் பேச்சுக்கு எழுதிய குறிப்புகள். இதெல்லாம் சர்க்கார் விஷயம், எடுத்துப் போகட்டும். ஹாஸ்டலிலிருந்து அம்மாவுக்கு எண்ணெய் கேட்டு எழுதிய கடிதம் எதற்கு? மூக்குக்கண்ணாடிக்கு டாக்டர் எழுதிய சீட்டு எதற்கு? சட்டை வெளுக்கப் போட்டதற்கு தோபி கொடுத்த துண்டுச்சீட்டையும் அந்தப் பெண் இரண்டு விரலால் பூ எடுப்பதுபோல் எடுத்தாள்.

“இது எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“ஒரு மேயர் எப்படி வாழ்ந்தார்னு இதுலதாங்க ஐயா தெரியும்.”

நானும்தான் வாழ்ந்தேன். என் சைக்கிள் கடை ரசீதுகளையும், முதல் மாடி எழுப்பியபோது வாங்கிய செங்கல் சீட்டுகளையும் போகிக்குப் போகி நானே கொளுத்திவிட்டேன். அண்ணன் ஒரு தோபிச் சீட்டைக்கூடக் கொளுத்தவில்லை. தன்னைத் தேடி ஆள் வரும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் அன்று என்னைத் தின்றது.

பிறகு அவள் படங்களை எடுத்தாள். பதவி ஏற்ற அன்று எடுத்த படம் ஒன்று. சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியுமாக அண்ணன். ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து அவள் வாசித்தாள்: “இடமிருந்து, ஆணையர், துணை மேயர், மேயர், மாலையுடன் அடையாளம் தெரியாதவர்.”

அந்தச் சொல்லை நான் தினசரியில் வேறு மாதிரி செய்தியில்தான் பார்த்திருக்கிறேன். தண்டவாளத்து ஓரத்திலோ ஏரியிலோ கிடப்பவனை அப்படிப் போடுவார்கள்.

“அது நான்தான்மா!”

அந்த மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் வாசல் பூக்கடையில் போய், “இதுவரைக்கும் எவனுக்கும் கட்டாத மாலை வேணும்” என்று சொல்லிக் கட்டியது. ரோஜாவும் சம்பங்கியும், ஆள் உயரம். ஈரச் சாக்கு போர்த்தி வேனில் கொண்டுபோனேன். அந்த மண்டபத்தில் அத்தனை மாலை வந்தது. என் மாலைக்கு முன்னால் எல்லாம் சுண்டைக்காய். தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையேறினேன், படம் எடுத்தார்கள். மாலை அவ்வளவு பெரிது என்பதால் என் முகம் அதற்குப் பின்னால் போய்விட்டது. படத்தில் இருப்பது மாலையும் அதற்குக் கீழே இரண்டு காலும்தான்.

அண்ணன் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “நீயா தம்பி? யாரோ வட்டச் செயலாளர்னு இல்ல நெனச்சேன்.”

“எந்த வட்டச் செயலாளர் அவ்ளோ பெரிய மாலை போட்டான், சொல்லுங்க பாப்போம்?”

“மாலைக்குப் பின்னாடி யார் வேணா நிக்கலாம்பா.”

என் மாலையைக் கழுத்தில் வாங்கிய மனிதர் சொல்கிற பேச்சா இது? அந்தப் பெண்ணுக்கும் சங்கடம். “மேயர் ஐயா சொல்றதைத்தாங்க நான் எழுத முடியும். வேற யாராச்சும் பார்த்தவங்க இருந்தா...” என்றாள்.

அடுக்களையிலிருந்து என் மனைவி டம்ளர்களோடு வந்தாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. படத்தை நீட்டியதும் சிரித்துவிட்டாள்.

“இந்த முழங்காலை எனக்குத் தெரியாதா? பெரிய மனுஷங்க கூடற எடம், மடிச்சுக் கட்டின வேட்டிய எறக்கி விடுங்கன்னு கீழே நின்னு கத்தறேன். இவரு காதுல விழுந்தாதானே?”

கையில் மாலை இருந்தால் வேட்டியை எப்படி இறக்குவது? அதை யாரும் யோசிக்கவில்லை. அண்ணன் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். சிரிக்கட்டும், ஒப்புக்கொண்டாரே.

“அப்ப உங்களை என்னன்னு எழுதட்டுங்க? மேயருடைய மனைவியின் தங்கையின் கணவர்?” என்றாள் அவள்.

எனக்கும் என் படத்துக்கும் நடுவில் இத்தனை பேரா?

“என் சகலைன்னு போடும்மா, போதும்” என்றார் அண்ணன்.

“ஏன்ணா, உங்க படத்துக்கெல்லாம் கீழ ‘கெஸ்ட் ஹவுஸ்காரர் சகலை’ன்னா போட்டிருக்காங்க?”

“போடட்டுமே. போட்டா, எங்க ஆளுங்களுக்கு ரூம் வாடகை கம்மி பண்ணுவியா?”

நான் அவரிடம் பேச்சு வளர்க்கவில்லை. அந்தப் பெண் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, வரிசையைச் சொன்னேன். முதலில் என் பெயர். அடுத்து ஊர். அடுத்து விடுதி உரிமையாளர், சொந்த உழைப்பில். கடைசியில், இடம் இருந்தால், சகலை. ‘சொந்த உழைப்பில்’ மட்டும் போட முடியாது என்றாள். மற்றதற்கு ஒப்புக்கொண்டு, படத்தைத் திருப்பி வைத்து எழுத ஆரம்பித்தாள். பார்த்தால், கையில் பென்சில்.

“பென்சிலா? நாளைக்கு எவனாவது ரப்பர் வச்சு அழிச்சிட்டான்னா?”

“மை ஊறிப்போய் படத்தைக் கெடுத்துடும்ங்க ஐயா. நாங்க எல்லாத்துலயும் பென்சில்லதான் எழுதுவோம்.”

“எல்லாத்துலயும்னா? மேயர் பேரு?”

“அதுவும் பென்சில்தாங்க.”

எழுந்துபோய்க் கட்டி வைத்திருந்த உறைகளைப் பார்த்தேன். ஆமாம், சாம்பல் நிறத்தில், லேசாக, என் பெயரைப் போலவேதான் அவர் பெயரும். நெஞ்சுக்குள் ஒரு கிளாஸ் மோர் இறங்கியது.

திரும்பினால் அண்ணன் நாற்காலியை விட்டு இறங்கி வந்து, அவள் கையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பைக் காணோம். கொஞ்சம் அழுத்தி எழுதும்மா என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் அதையே சொல்லிவிட்டார்.