பட்டாளத்துச் சாமியின் சுருட்டு

போன வருஷம் தைப்பூசம் முடிந்த மறு ஞாயிறு. காம்பார் டவுனுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில், ஒரு பழைய பதுங்குகுழி ஓரமாக, புளிச்சாதப் பொட்டலங்களைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். என் வீட்டுக்காரருக்குப் போர்ப் பைத்தியம். வாரம் முழுக்க ஈப்போவில் ஏர்கான் பழுது பார்ப்பார். ஞாயிறு வந்தால் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஜப்பான்காரன் வந்த வழி, வெள்ளைக்காரப் பட்டாளம் மறித்து நின்ற இடம் என்று சுற்றிக் காட்டக் கிளம்பிவிடுவார். வீட்டில் இரண்டு வார்த்தை பேசவே யோசிக்கிற மனுஷன், அந்த மேட்டில் ஏறிவிட்டால் நிறுத்தவே மாட்டார். "அண்ணன் இன்னைக்கும் சண்டைக்குப் போயிட்டாரா?" என்று குனோங் ராபாட்டில் எங்கள் தெருவே கேலி பண்ணும்.

அன்றைக்கு வந்தவர் ஒரே ஒருவர்தான். பஞ்சாப்பிலிருந்து வந்த ஒரு சீக்கிய டீச்சர், ஐம்பதைத் தாண்டியவர். தனியாக வருகிற பெண் என்பதால் வீட்டுக்காரர் என்னையும் வேனில் ஏற்றிவிட்டார். அந்த அம்மாவுடைய தாத்தாவின் தம்பி பட்டாளத்தில் சேர்ந்து மலாயாவுக்கு வந்தவராம். காம்பார் சண்டையில் இருந்தார் என்பது வரைக்கும்தான் வீட்டுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

என் வீட்டுக்காரர் கீழே தெரிந்த பெரிய ரோட்டைக் காட்டினார். அந்த ரோட்டைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கத்தான் ஜப்பான்காரன் வந்தானாம். வெள்ளைக்காரர்களும் சீக்கியர்களும் கூர்க்காக்களும் குழி வெட்டி மறித்தார்களாம். புது வருஷம் பிறந்த நேரத்தில் இந்த மேட்டுக்காக அவ்வளவு சண்டை. கடைசியில் பின்வாங்கி, தெற்கே சுங்காய்ப் பக்கம் போனார்கள் என்றார். எங்கள் குடும்பத்தில் ஜப்பான்காரன் காலம் என்றால், சயாம் ரயில் பாதை போட ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன கதைதான். இந்த மேட்டுச் சண்டை யாருடையதோ என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த அம்மா அழவில்லை. பையிலிருந்து மடித்த மஞ்சள் துணி ஒன்றை எடுத்தார். ஊர்க் குருத்வாராவில் வைத்து வேண்டிக்கொண்டு எடுத்து வந்ததாம். "சிங்கப்பூர்ல போர் நினைவுச் சுவத்துல அவர் பேரைப் பார்த்துட்டேன். அவர் விழுந்த மண்ணுல இதை வைக்கணும். எங்க வைக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சுற்றிலும் புல்லும் மரமும்தான். எங்கள் வீட்டுச் சண்டைக்காரர் குழியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "எங்க தோட்டத்துல ஒரு பட்டாளத்துச் சாமி இருக்கு, வாரீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

நான் பிறந்த ரப்பர் தோட்டம் சுங்காய்ப் பக்கம். இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள், ஜனங்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள், சாமி மட்டும் இருக்கிறார். ஜப்பான்காரன் வந்த சமயம், தலைப்பாகை கட்டிய சிப்பாய் ஒருவர் அடிபட்டு, லயத்து வாசலில் வந்து விழுந்தாராம். எங்கள் ஆட்கள் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். விடிவதற்குள் உயிர் போய்விட்டது. பயந்து பயந்து பால்மரத்தடியில் புதைத்து, ஒரு கல்லை நட்டார்கள். கல்லுக்குச் சூடம் காட்டிக் காட்டி அது காவல் சாமியாகி, பிறகு சிமெண்டுச் சிலையும் ஆனது. முறுக்கு மீசை, தலைப்பாகை, ஒரு கையில் துப்பாக்கி.

வேன் தாப்பா டவுனைத் தாண்டும்போதுதான் இன்னொரு கை என் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கையில் சுருட்டு! எல்லாக் காவல் சாமிக்கும் வைப்பதுபோல இவருக்கும் சுருட்டும் கறுப்பு பீரும்தான் படையல். சீக்கியர்களுக்குப் புகையிலை ஆகவே ஆகாதே! ஐயோயோ! வீட்டுக்காரர் தொடையைக் கிள்ளி விஷயத்தைச் சொன்னேன். "நீதானே கூப்பிட்ட?" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

எங்கள் பூசாரி அண்ணனுக்குப் போன் போட்டேன். செம்பனை ஆலையில் லாரி ஓட்டுகிறவர். ஞாயிறு தவறாமல் வந்து விளக்கேற்றுவார். சாமியைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். பூப்போட்டுப் பார்த்ததில் சிவப்பு வந்ததென்று, மகளுக்கு வந்த நல்ல வரனையே திருப்பி அனுப்பினவர். "அண்ணே, நம்ம சாமியோட சொந்தக்காரங்க வாராங்க..." என்றதும் லைன் போய்விட்டது. செம்பனைக்குள் நுழைந்துவிட்டோம். பிறகு எத்தனை தடவை போட்டும் கிடைக்கவில்லை.

போய் இறங்கினால், அண்ணன் வெளுத்த வேட்டியில் நிற்கிறார். சாமி கழுத்தில் புது மாலை. கையில் இதுவரை நான் பார்த்திராத தடிமனில் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருக்கிறது. காலடியில் பீர் போத்தல்கள் வரிசையாக. "சொந்தக்காரங்கன்னு சொன்னியே தங்கச்சி, சும்மா விட்டுற முடியுமா லா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

செருப்பைக் கழற்றி, தலையில் முக்காடு போட்டு ஆசையாக நடந்து வந்த அந்த அம்மா, புகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மஞ்சள் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு, இவர் உங்கள் ஆள்தான் என்று என்னால் சொல்ல முடியாது, தலைப்பாகை கட்டியவர்கள் நிறைய பேர் இந்த வழியாகப் போனார்கள் என்றார். தெரியாததைச் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை. அந்த நேரத்தில் அவரை அடிக்கலாம்போல இருந்தது.

"தெரியும். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதானே," என்றார் அந்த அம்மா. பிறகு பூசாரி அண்ணனைப் பார்த்துக் கைகூப்பி, கையில் இருப்பதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அதை நான் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணன் முகம் சுருங்கிப் போனது.

"என்னா தங்கச்சி பேசற? எங்கப்பா காலத்துலேர்ந்து வைக்கிறது. சாமி கையில இருக்கிறத நான் எப்படி எடுக்கிறது?"

அந்த அம்மா கோபப்படவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, துணியை மெதுவாக மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். அவ்வளவு தூரம் வந்து, அதை அவர் திரும்ப மடித்ததை என்னால் பார்க்க முடியவில்லை. எல்லாம் என் வாயால் வந்த வினை.

"இரும்மா," என்றார் அண்ணன் திடீரென்று. "சாமிகிட்டயே கேட்டுருவோம். பூப்போட்டுப் பார்க்கலாம்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் பேச்சே இல்லை. அண்ணன் சிலைக்குப் பின்னால் போய், வாழையிலையில் மடித்துக் கட்டி, இரண்டையும் கொண்டுவந்து சாமி முன்னால் போட்டார். ஒன்றை எடுக்கச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அந்த அம்மா ஒன்றை எடுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

அண்ணனே சுருட்டை எடுத்து அணைத்து, சிலையின் கையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். அந்த அம்மா மஞ்சள் துணியைச் சாமியின் தோளில் போர்த்திவிட்டு, உட்கார்ந்து, தன் பாஷையில் ஏதோ சொல்லி அழுதார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் எல்லோரும் அழுதோம். பிறகு அங்கேயே உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டோம்.

கிளம்பும்போது சாமி முன்னால் குப்பையாக இருக்கக் கூடாதே என்று கூட்டினேன். எடுக்காத பொட்டலம் அப்படியே கிடந்தது. ஏதோ ஒரு நினைப்பில் பிரித்தேன். அதற்குள்ளும் வெள்ளைப் பூ.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, பூவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மூச்சு விடாத தங்கச்சி. கொண்டு வந்த துணியத் திருப்பிக் கொண்டு போன்னா சொல்றது? சாமி கோச்சிக்கிட்டா என்கிட்ட கோச்சிக்கட்டும் லா."

சொல்லிவிட்டு, சிலை பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வரன் விஷயத்தில் பூவுக்குப் பயந்த அதே மனுஷன்தான்.

இப்போது எங்கள் சாமிக்கு ஞாயிறு படையல் கேசரியும் டீயும். அண்ணன் லாரி நன்றாகத்தான் ஓடுகிறது. தெரியாததைச் சொல்லக் கூடாது என்கிற என் வீட்டுக்காரர், வருகிறவர்களிடமெல்லாம் சாமியே சம்மதம் கொடுத்த கதையை உருகி உருகிச் சொல்கிறார். நான் மறுத்ததே இல்லை. அந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம், முன்பின் தெரியாத ஒருவருக்குப் பயந்துகொண்டே தண்ணீர் கொடுத்த எங்கள் ஆட்களும், முன்பின் தெரியாத ஒருவருக்காகப் பயந்துகொண்டே இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ வைத்த அந்த அண்ணனும்தான் என் கண்ணுக்குள் வந்து நிற்கிறார்கள்.