நேட்டாலிலிருந்து சித்தூருக்குத் தனியே

புதன்கிழமை காலை எங்கள் கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. எங்கள் என்று எழுதிவிட்டேன். இறங்கியது நான் ஒருத்திதான்.

தென்னாப்பிரிக்காவில், நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் ஏழு வருஷம் உபதேசியாராக ஊழியம் செய்த என் கணவர் தேவதாசு, ஊருக்குத் திரும்பும் வழியில் நடுக்கடலில் சீதபேதி கண்டு இறந்துபோனார். அவரைக் கித்தானில் வைத்துத் தைத்து, காலடியில் இரும்புத் துண்டைக் கட்டி, விடியற்காலையில் கடலில் இறக்கினார்கள். தமிழில் ஜெபம் சொல்ல வேறு யாரும் இல்லாததால் நானே சொன்னேன். அலைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

துறைமுகத்தில் மிஷன் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் காத்திருந்தார்.

"ஐயா எங்கேம்மா? சாமான்களோட வர்றாரா?"

சொன்னேன். அவர் கையிலிருந்த குடையைக் கீழே ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். கப்பல் கண்ணில் பட்டதுமே சித்தூரிலிருக்கும் என் மாமனாருக்குத் தந்தி அடித்துவிட்டாராம்: இருவரும் வந்தாயிற்று, வெள்ளிக்கிழமை ரயிலில் வருவார்கள் என்று.

"இன்னொரு தந்தி கொடுத்துடறேம்மா."

என் மாமனாருக்கு எழுத்து தெரியாது. யாராவது தெருவில் நின்று உரக்கப் படித்துக் காட்டித்தான் அவருக்கு அது தெரியவரும். வேண்டாம், நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

சித்தூருக்குக் காட்பாடி வழிதான் சுருக்கு. ஆனாலும் வியாழக்கிழமை காலை நான் ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்கு மூன்றாம் வகுப்பில் ஏறினேன். திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் என் கணவரின் தம்பி கோவிந்தன் விறகு பிளந்து பிழைக்கிறான். மாமனாரும் என் கணவரும் ஞானஸ்நானம் பெற்றபோது அவன் மாட்டேன் என்றான். அன்று தொடங்கிய பகை. தகப்பனும் மகனும் பேசிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. திரும்புகையில் திருப்பதி வழியாக வந்து, தம்பியைக் கையோடு சித்தூருக்கு அழைத்து வருவதாக என் கணவர் ஊருக்கு எழுதியிருந்தார். கப்பலில் காய்ச்சல் ஏறிக் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார்.

ரேணிகுண்டாவில் சிறிய வண்டிக்கு மாறினோம். பெட்டி முழுக்க யாத்திரைக்காரர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இலைப்பொட்டலத்தைப் பிரித்து, "துன்னும்மா, மூஞ்சே வாடிக்கீது" என்று புளிச்சோற்றை நீட்டினாள். மலைக்கா என்று கேட்டாள். மலையடிவாரத்துக்கு என்றேன்.

"அவ்ளோ தூரம் வந்து, மேல ஏறாம போவாங்களா?"

எங்கள் சனத்தை மேலே ஏற விடமாட்டார்கள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சோற்றைத் திரும்ப வாங்கிக்கொள்வாளோ என்னவோ. கோவிந்தன் அந்த அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டுப் பழகியவன். 'ஏற விடாத மலைக்கு இன்னாடா கும்புடு?' என்று மாமனார் கேட்டதில்தான் பேச்சு முறிந்தது.

திருப்பதி ஸ்டேஷனிலிருந்து அலிபிரி இரண்டு மைலுக்கு மேல். ஜட்காக்காரர் நாலணா கேட்டார். பேரம் பேச எனக்குத் தெம்பில்லை. விறகுத் தொட்டியில் கோவிந்தன் கோடாலியும் கையுமாக நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடிவந்தவன், எனக்குப் பின்னால் வண்டியை எட்டிப் பார்த்தான்.

"அண்ணி! அண்ணன் எங்க? பின்னால வந்துகினு கீறாரா?"

"இல்லப்பா. கப்பல்லயே போய்ட்டாரு."

அவன் கோடாலியை மரத்துண்டில் கொத்தி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அண்ணனுக்காகத் தலைமுடி எடுக்கவேண்டும் என்றான். நான் தடுத்தேன். "அவரு ஞானஸ்நானம் வாங்கினவரு. இதெல்லாம் வேணாம்பா."

"உங்க சாமிக்கு நீங்க செய்யுங்க அண்ணி. புள்ள இல்லாத மனுசன். எங்க அண்ணனுக்கு நான் செய்யாம யாரு செய்வா?"

அதற்குமேல் நான் வாதாடவில்லை. ஏரிக்கரையில் அவன் மொட்டையடித்து முழுகி எழுந்து வரும்வரை ஒரு புளியமரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தேன். கணவரைக் கடலில் விட்டபிறகு நான் வாய்விட்டு அழுதது அங்கேதான்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ரயிலேறினோம். சந்திரகிரிக் கோட்டை ஜன்னலில் வந்து போயிற்று. பாகாலா தாண்டியபின் கோவிந்தன், "நைனா என்னைய ஏத்துக்குவாரா அண்ணி?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

சித்தூர் பிளாட்பாரத்தில் எங்கள் சபையார் இருபது முப்பது பேர் மாலையும் கையுமாக நின்று கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்குமுன் கோவிந்தன் கீழே குதித்தான். நான் பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் எதிரே வந்தார். சின்ன மகன் வந்துவிட்ட சந்தோஷமும், அவன் மொட்டைத் தலையைப் பார்த்த கோபமும் அந்த முகத்தில் ஒன்றாக இருந்தன.

"மலைக்காடா மொட்ட? இப்பனாச்சும் மேல ஏற உட்டாங்களா?"

"மலைக்கு இல்ல, நைனா. அண்ணனுக்கு."

நான் அப்போதுதான் படியில் இறங்கினேன். முன்வரிசைக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். பின்னாலிருந்தவர்கள் ஒன்றும் தெரியாமல் அந்த அடியை முடிக்கும்வரை பாடினார்கள்.

மாமனார் என்னைப் பார்த்தார். "எங்க பொதச்சீங்க?"

"கடல்ல, மாமா."

"கடல்லயா?" என்றார். "மண்ணு வரைக்கும் கொண்டாந்து இருக்கக் கூடாதா?"

முடியாது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? கரை இன்னும் பல நாள் தூரத்தில் இருந்தது. நான் அதைச் சொல்லுமுன் அவர் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை சபையில் ஜெபம் வைத்தார்கள். அஞ்ஞான முறைப்படி மொட்டையடித்தவனை உள்ளே விடக்கூடாது என்று மூப்பர் ஒருவர் வாசலிலேயே சொன்னார். கோவிந்தன் முற்றத்து வேப்பமரத்தடிக்குப் போனான். மாமனார் முன்வரிசையிலிருந்து எழுந்தார். சபை முழுவதும் பார்க்க, வெளியே போய் மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மூத்த மகனுக்கான ஜெபத்தை அவர் அங்கிருந்தே கேட்டார். நான் உள்ளே தனியாக இருந்தேன்.

மறுநாள் கோவிந்தனை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி நகர்ந்தபோது மாமனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"முடி வளர்றதுக்குள்ள வந்துடு."

"வரேன் நைனா."

திரும்புகையில் மாமனார் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். ஸ்டேஷனில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை; இதை எழுதும் இன்றுவரை பேசவில்லை. சோறு போட்டால் உண்கிறார்.

நேட்டாலில் சாவு விழுந்த வீட்டுக்குத் தோட்டத்துப் பெண்கள் வருவார்கள். கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு, செத்தவரின் மனைவியை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவார்கள். எப்படி, எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஏழு வருஷமும் அவர்கள் ஊர் எது என்று கேட்கும்போதெல்லாம் சித்தூர், சித்தூர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சித்தூரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன்.